உங்களுக்குத் தெரியுமா? ஸ்டென்ட் வைத்த பிறகு…

● நடந்தால் நெஞ்சை அடைக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. இந்த நோயை 1768இல் லண்டன் மருத்துவர்கள் முன்னால் முதன்முதலாகத் தெளிவாக விவரித்தவர் வில்லியம் ஹெபர்டன். அவருக்குத் தெரிந்த நோயாளி ஒருவர் தினமும் அரை மணி நேரம் மரம் அறுப்பதை வழக்கமாக்கிக்கொண்டாராம். நோய் ஏறக்குறைய நீங்கிவிட்டது என்று ஹெபர்டன் எழுதிவைத்திருக்கிறார். உடலுழைப்பு இதயத்துக்கு மருந்தாகும் என்பதற்குக் கிடைக்கும் பழைய சாட்சிகளில் இது ஒன்று. மொத்தச் செலவு ஒரு ரம்பம்.

● அந்தக் குறிப்பை மருத்துவ உலகம் நன்றாகவே மறந்துபோனது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் மாரடைப்பு வந்தவருக்கு ஆறு வாரம் கட்டில்தான் சிகிச்சை. சாப்பாட்டை ஊட்டிவிட ஆள், புரண்டு படுக்கவும் ஆள். இதயத் தசையில் செத்துப்போன பகுதி தழும்பாகி இறுக ஆறு வாரம் ஆகும், அதற்குள் அசைந்தால் இதயம் கிழிந்துவிடும் என்று பயந்தார்கள். அசையாமல் கிடந்ததால் காலில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குப் போய் இறந்தவர்கள் உண்டு.

1952இல் பாஸ்டனில் சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லௌனும் 81 நோயாளிகளைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்கள் செய்தது ஒன்றுதான்: நோயாளியைக் கட்டிலிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அதற்கே மருத்துவமனைக்குள் எதிர்ப்பு கிளம்பியது. இதே லௌன் பின்னாளில் அணு ஆயுதப் போருக்கு எதிராக உலக மருத்துவர்களைத் திரட்டினார். அவர் சேர்ந்து தொடங்கிய அமைப்புக்கு 1985இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. நாற்காலிச் சண்டை அதற்கு நல்ல ஒத்திகையாக இருந்திருக்கும்.

● கட்டில் எவ்வளவு கெடுதல் என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 20 வயதுள்ள, நோயில்லாத ஐந்து இளைஞர்களை 20 நாட்கள் படுக்கவைத்தார்கள். ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உடல் திறன் கால்பங்குக்கும் மேல் விழுந்துவிட்டது. அதே ஐந்து பேரையும் 30 வருடங்கள் கழித்து மறுபடி சோதித்தார்கள். 30 வருட முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம்தான் அதிகம்.

● அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு 1955 செப்டம்பரில் மாரடைப்பு வந்தது. அவரைக் கவனித்த பால் டட்லி ஒயிட், நோயாளி சீக்கிரம் எழுந்து நடமாட வேண்டும் என்ற கட்சியைச் சேர்ந்தவர். அடுத்த ஆண்டே ஐசனோவர் தேர்தலில் நின்று மறுபடியும் வென்றார். மாரடைப்பு வந்தவர் இனி மூலையில் உட்கார வேண்டியதுதான் என்ற எண்ணம் அங்கே தளர்ந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

● சரி, இதய மறுவாழ்வு சிகிச்சை என்றால் என்ன? மருத்துவமனைப் பேச்சில் ‘கார்டியாக் ரீஹேப்’. மாரடைப்புக்கோ ஸ்டென்ட்டுக்கோ பைபாஸுக்கோ பிறகு, வாரம் இரண்டு மூன்று முறை என்று சுமார் 12 வாரங்கள் நடக்கும். ஆளுக்கேற்ற அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சி, பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பிடித்துவைத்தல், மாத்திரைகளை விடாமல் எடுக்கவைத்தல், புகையை நிறுத்தவைத்தல், சாப்பாடு, மனச்சோர்வு, மறுபடி வேலைக்குப் போவது எல்லாம் இதில் அடக்கம். இதை வெறும் ‘எக்சர்சைஸ்’ என்று நினைப்பவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

● பலன் என்ன? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மீளாய்வு 2021இல் வெளிவந்தது. அது 85 ஆய்வுகளிலிருந்து 23,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. இதய நோயால் இறப்பது சுமார் கால்பங்கு குறைகிறது. மறு மாரடைப்பும் திரும்ப மருத்துவமனையில் சேருவதும் குறைகின்றன. மாத்திரை வடிவில் வந்திருந்தால் இந்நேரம் ஊர் முழுக்க விளம்பரப் பலகை நின்றிருக்கும்.

● உலகில் இதய, ரத்தநாள நோய்களால் இறப்பவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலானோர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் இருப்பவர்கள். மறுவாழ்வு மையங்கள் இருப்பதோ பெரும்பாலும் மறுபக்கத்தில். 2019இல் வெளியான உலகளாவிய கணக்கெடுப்பில் 203 நாடுகளில் 111 நாடுகளில்தான் இந்தச் சிகிச்சை ஏதாவது ஒரு வடிவில் இருந்தது. ஐரோப்பிய நாடுகளில் 80 சதவீதத்துக்கும் மேல். ஆப்பிரிக்க நாடுகளில் சுமார் 17 சதவீதம். ஒரு நாட்டில் ஒரே ஒரு மையம் இருந்தாலும் ‘இருக்கிறது’ என்றே கணக்கு என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

● அதே கணக்கெடுப்பின்படி உலக அளவில் 11 இதய நோயாளிகளுக்கு மறுவாழ்வு சிகிச்சையில் ஓர் இடம். இந்தியாவில்? சுமார் 360 பேருக்கு ஓர் இடம்.

● இந்தியா இதயத்துக்காகச் செலவே செய்வதில்லை என்று சொல்ல முடியாது. 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட்டுக்கு உச்சவரம்பு விலை வைத்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் 30,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. பிரதான் மந்திரி ஜன் ஆரோக்கிய யோஜனா என்ற காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவு கிடைக்கிறது. ஏழைக்கும் ஸ்டென்ட் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. இது சிறிய சாதனை அல்ல.

ஆனால் அதே திட்டத்தில் டிஸ்சார்ஜ் ஆன பிறகு வரும் செலவுக்கு 15 நாட்கள்தான் வரம்பு. மறுவாழ்வு சிகிச்சைக்கு வேண்டியது 12 வாரம். மூன்றாவது வாரம் தொடங்கும்போதே பணம் நோயாளியின் பையிலிருந்து போக வேண்டும். காப்பீடு என்பதே ‘படுக்கையில் சேர்ந்தால் பணம்’ என்ற கணக்கில் கட்டப்பட்டிருக்கிறது. நடந்து வந்து, பயிற்சி செய்து, நடந்து திரும்புகிறவருக்கு அதில் பெட்டியே இல்லை. மருத்துவமனை பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதே கதைதான்: ஸ்டென்ட் வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி ஒன்று தரும் வருமானத்தையும், ஒரு பிசியோதெரபிஸ்ட் பத்துப் பேரை நடக்கவைப்பது தரும் வருமானத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நிர்வாகி எதற்கு இடம் ஒதுக்குவார்?

● இங்கே மாரடைப்பு சீக்கிரம் வருகிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவர்களுக்கு ஏறக்குறைய 59. ஓய்வு பெற்றவரின் நோய் இல்லை இது. பெண்ணுக்குக் கல்யாணம் பாக்கி, வீட்டுக்கடன் பாக்கி என்ற வயதில் வருகிற நோய். அப்படிப்பட்டவருக்கு ‘எப்போது வேலைக்குப் போகலாம், எவ்வளவு தூக்கலாம்’ என்ற கேள்வி கொலஸ்ட்ரால் எண்ணைவிடப் பெரியது. டிஸ்சார்ஜ் சம்மரியில் அதற்கு ‘ஓய்வு எடுக்கவும்’ என்ற ஒரு வரிதான் பதில் என்றால், அவர் மாதக்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறார், அல்லது பத்தாம் நாளே மூட்டை தூக்கப் போய்விடுகிறார்.

● மையம் இருந்தாலும் எல்லோரும் வந்துவிடுவதில்லை. 36 முறை வர வேண்டுமென்றால் தினக்கூலிக்காரருக்கு 36 நாள் வேலை கெடும். பஸ் கட்டணம் தனி. கூட வருகிறவரின் கூலியும் போகும்.

பணம் மட்டுமே தடை என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் காப்பீடு அந்த 36 அமர்வுகளுக்கும் பணம் தருகிறது. அப்படியும் தகுதியுள்ளவர்களில் சுமார் நான்கில் ஒருவர்தான் ஒருமுறையாவது போனார்கள்.

● கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 11 மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு. டாக்டருக்கு நினைவு வந்தால் எழுதிக் கொடுப்பது என்று விட்ட இடத்தில் மறுவாழ்வுக்கு அனுப்பப்பட்டவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. டிஸ்சார்ஜ் ஆகும் எல்லோருக்கும் பரிந்துரைச் சீட்டு தானாகவே போய், கூடவே ஒருவர் கட்டிலருகே உட்கார்ந்து இது எதற்கு என்று பேசிய இடத்தில் 86 சதவீதம் பேர் அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலானோர் சேரவும் செய்தார்கள். கட்டிலருகே பேச எந்த இயந்திரமும் வேண்டாம். இதை எந்த நாட்டிலும் நாளைக்கே தொடங்கலாம்.

● 24 இந்திய மருத்துவமனைகள், 3,959 நோயாளிகள். ‘யோகா-கேர்’ என்ற இந்த ஆய்வு, மறுவாழ்வு சிகிச்சையைப் பற்றி வளரும் நாடுகளில் நடந்த பெரிய முயற்சிகளில் ஒன்று. ட்ரெட்மில், ஈசிஜி கண்காணிப்பு எல்லாம் வைத்து மேலை நாட்டு மையத்தை இங்கே நகலெடுப்பது நடக்காது; ஆசனம், மூச்சுப் பயிற்சி, தியானம், வாழ்க்கைமுறை பற்றிய பேச்சு என்று 12 வாரங்களில் 13 வகுப்புகளாகச் சுருக்கினால் என்ன என்பது கேள்வி. மாரடைப்பு வந்து 14 நாட்களுக்குள் இருந்தவர்களைச் சேர்த்தார்கள். ஒப்பிடுவதற்கான மறுபிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையும் மூன்று அறிவுரை வகுப்புகளும்.

2020இல் முழு முடிவு வெளிவந்தது. யோகா பிரிவில் இறப்பும் மறு மாரடைப்பும் சற்றே குறைவாக இருந்தன, ஆனால் அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஒதுக்க வேண்டிய அளவு. எதிர்பார்த்ததைவிட இரண்டு பிரிவிலுமே அசம்பாவிதங்கள் குறைவு என்பதும் ஒரு காரணம். தெளிவாகத் தெரிந்தது வேறு: யோகா பிரிவினர் தங்கள் உடல்நிலையைப் பற்றி நன்றாக உணர்ந்தார்கள், மாரடைப்புக்கு முன் செய்த வேலைகளுக்கு அதிகம் பேர் திரும்பினார்கள். குறைந்தது 10 வகுப்புகளுக்கு வந்தவர்களிடம் பலன் பெரிதாகத் தெரிந்தது. விடாமல் வருகிறவர் ஏற்கெனவே உடம்பைக் கவனிப்பவராகவும் இருப்பார் என்பதால் அதை அப்படியே நம்பிவிட முடியாது.

யோகா இதய நோயை விரட்டியடிக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதற்கும் இந்த ஆய்வுக்கும் தொடர்பில்லை. யோகா வேலைக்கே ஆகாது என்பதற்கும் இது ஆதாரமல்ல. வேறு எதுவும் கிடைக்காத ஊரில், பாதுகாப்பாகத் தரக்கூடிய ஒன்று கைவசம் இருக்கிறது என்பதே இதில் நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது.

● உடற்பயிற்சி செய்யும்போதே இதயம் நின்றுவிட்டால்? இந்தப் பயத்தால் வராதவர்கள் பலர். பிரான்சில் பல மையங்களில் எடுத்த கணக்கில், கண்காணிப்போடு செய்த பயிற்சியில் சுமார் 50,000 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் இதயம் தொடர்பான பெரிய சிக்கல் வந்தது.

● பயிற்சியின் அளவைப் பார்க்க இயந்திரம் கட்டாயமில்லை. ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் 6 முதல் 20 வரை ஓர் அளவுகோல் தந்தார். எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நோயாளியே எண் சொல்ல வேண்டும். 6இல் தொடங்குவது விநோதமாகத் தோன்றும்; ஆரோக்கியமான இளைஞர் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய அவருடைய நாடித்துடிப்பு கிடைக்கும் என்பதற்காக அப்படி வைத்தார். அதுவும் வேண்டாமென்றால் இன்னும் எளிய வழி இருக்கிறது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

● இதயத் திறனை அளக்க ஆறு நிமிட நடைச் சோதனை ஒன்று உண்டு. 30 மீட்டர் நேரான தாழ்வாரம், ஒரு கடிகாரம், இரண்டு முனையிலும் அடையாளம் வைக்க ஏதாவது. ஆறு நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடந்தார் என்பதே மதிப்பெண். நம் அரசு மருத்துவமனைகளில் நீளமான தாழ்வாரத்துக்குப் பஞ்சமில்லை. அதில் பாய் விரித்து ஆள் படுக்காத 30 மீட்டர் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

● ஏழை நாடுகளில் இதய நோய் என்றாலே ரத்தக்குழாய் அடைப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. தொண்டையில் வரும் கிருமித் தொற்றைச் சரியாகக் கவனிக்காததால் ருமாட்டிக் காய்ச்சல் வந்து, வால்வு கெட்டு, இருபது வயதிலேயே அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்கள் ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் ஏராளம். பிரேசிலில் இன்னொரு வகை: ரத்தம் உறிஞ்சும் ஒருவகைப் பூச்சி பரப்பும் சாகஸ் நோய், பல வருடம் கழித்து இதயத்தைப் பலவீனமாக்கும். ரியோ டி ஜெனிரோவில் அப்படிப்பட்டவர்களுக்கு ஆறு மாத உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வில் அவர்களின் உடல் திறன் கூடியது. மேலை நாட்டுக் கையேடுகளில் இந்த நோயாளிகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

● கென்யாவின் எல்டோரெட், உலகப் புகழ்பெற்ற ஓட்டக்காரர்களின் ஊர். அங்குள்ள மோய் மருத்துவமனையில் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு மறுவாழ்வுப் பயிற்சியை மருத்துவமனையில் தருவதா, காலடிகளை எண்ணும் சிறு கருவியைக் கொடுத்து வீட்டிலேயே நடக்கச் சொல்வதா என்று இரண்டு வழியையும் முயன்று பார்த்திருக்கிறார்கள்.

● டாக்காவில் பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு, டிஸ்சார்ஜ் ஆகும்போதே கையில் ஒரு பயிற்சிக் கையேடு கொடுத்து, பிறகு மாதாமாதம் செல்போனில் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஓராண்டில் அவர்களின் உடல் திறன் மற்றவர்களைவிட நன்றாகக் கூடியது. ஷாங்காயில் 312 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில் வீசாட் செயலி வழியாகவே பயிற்சியும் பாடமும் போயின. அங்கும் ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம் கூடியது. கட்டடம் கட்டும்வரை காத்திருக்க வேண்டிய சிகிச்சை இல்லை இது என்று இரண்டு ஊர்களும் காட்டிவிட்டன.

● மாத்திரை விஷயத்துக்கு வருவோம். 17 நாடுகளில் நடந்த ‘ப்யூர்’ ஆய்வு 2011இல் சொன்னது: மாரடைப்போ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவர்களில், ஏழை நாடுகளில் 80 சதவீதம் பேர் ஆஸ்பிரின், ஸ்டேட்டின் போன்ற தடுப்பு மருந்துகளில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. பணக்கார நாடுகளில் அப்படி இருந்தவர்கள் சுமார் 11 சதவீதம். இவை காப்புரிமை முடிந்துபோன மலிவு மருந்துகள். மருந்து இல்லாததைவிட, தொடர்ந்து விசாரிக்க ஆள் இல்லாததுதான் பெரிய குறை என்று எனக்குப் படுகிறது. மறுவாழ்வு வகுப்பு அந்த ‘விசாரிக்கும் ஆளை’ 12 வாரம் தருகிறது.

● அந்த ஆளுக்கு மருத்துவப் பட்டம் தேவையா? இந்தியாவில் 14 மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பிய 806 நோயாளிகளை வைத்து ‘ஸ்ப்ரெட்’ என்ற ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் ஓராண்டு காலம் அவர்களைச் சந்தித்து மாத்திரை, சாப்பாடு, நடை, புகை பற்றிப் பேசினார்கள். மருந்தை விடாமல் எடுத்தவர்கள் அந்தப் பிரிவில் அதிகம். நல்ல பழக்கங்களும் கூடின.

● தமிழ்நாட்டில் இதற்கான பாதி ஏற்பாடு ஏற்கெனவே நடமாடிக்கொண்டிருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கு வருகின்றன. தேவைப்படுபவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வீட்டிலேயே. 2023இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு அங்கேயே முதல் டோஸ் மாத்திரைகள். அதே ஆண்டு நவம்பரில் எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள். முதல் டோஸும் இருக்கிறது, பாதையும் இருக்கிறது. நடுவில், ஸ்டென்ட்டோடு வீடு திரும்பியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு 12 வாரம் நடக்கவைக்கும் ஏற்பாட்டை இவற்றோடு கோத்துவிடலாமே என்று தோன்றாமல் இல்லை.

● பெண்கள் குறைவாகவே அனுப்பப்படுகிறார்கள், அனுப்பினாலும் குறைவாகவே வருகிறார்கள். உலகம் முழுக்க இதே நிலை. மருத்துவமனையிலிருந்து திரும்பிய நாளே அடுப்படிக்குள் நுழைபவரிடம் ‘நான் வீட்டில் நடந்துகொண்டுதானே இருக்கிறேன்’ என்ற பதில் தயாராக இருக்கிறது. வீட்டு வேலை பயிற்சியாகுமா? விட்டுவிட்டுச் செய்வதால், படிப்படியாகக் கூட்டும் நடைக்கு அது முழு ஈடாகாது.

● மாரடைப்புக்குப் பின் புகையை விட்டவர்களுக்கு, விடாதவர்களைவிட இறப்பு அபாயம் மூன்றில் ஒரு பங்கு குறைவு. பீடியும் புகைதான்.

● உலக சுகாதார நிறுவனம் 1993இலேயே வளரும் நாடுகளை மனத்தில் வைத்து இதய மறுவாழ்வு பற்றித் தனி அறிக்கை வெளியிட்டுவிட்டது. 2023இல் உலக சுகாதாரப் பேரவை மறுவாழ்வு சிகிச்சைகள் எல்லாவற்றையும் வலுப்படுத்தத் தீர்மானம் போட்டது. அதே 2023இல், பல இதய மருந்துகளை ஒன்றாக அடைத்த ‘பாலிபில்’ மாத்திரை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறியது. இந்த மூன்றில் கடைக்கு எது முதலில் வரும் என்று பந்தயம் கட்டச் சொன்னால், நான் மாத்திரை மேல்தான் கட்டுவேன்.

● மாரடைப்புக்குப் பிறகு தாம்பத்தியம் கூடாதா? நோயாளி கேட்கக் கூச்சப்படுகிறார், டாக்டர் சொல்ல மறந்துவிடுகிறார், மனைவி பயந்து தனியே படுத்துக்கொள்கிறார். மறுவாழ்வு மையங்களில் சொல்லும் பொது விதி எளியது: நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இல்லாமல் இரண்டு மாடி ஏற முடிகிறவருக்குப் பெரும்பாலும் தடையில்லை. உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். குறிப்பாக, வயாகரா வகை மாத்திரையை நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு சேர்க்கவே கூடாது.